எருக்குழியும் குப்பைத் தொட்டியும்



வேலூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் சென்றிருக்கும் அன்பர்கள், சித்தூரைக் கடந்து சிறிது நேரம் சென்றதும் சாலை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு கிளை கடப்பைக்கும் கர்நூலுக்கும் போகிறது; மற்றொன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதியை அடைகிறது. அந்தச் சந்தியை ஒட்டிய ஊர் புத்தலப்பட்டு. காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைத் தொழுதுவிட்டு ஏழுமலையானைக் காணச் செல்வோர் அனைவரும் இந்த வழியாகவே போகிறார்கள். போகிறவர்கள் எதையாவது சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டபின் எதையாவது எறிகிறார்கள். எறிந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊர் மறக்க முடிவதில்லை.

மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் பணி கிடைத்து நான் இவ்வூருக்குக் குடிவந்தேன். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்காகப் பேச வேண்டும் என்று வானொலியார் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் நெடுநேரம் எண்ணவில்லை. குப்பையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கேட்டவர் சற்றே தயங்கினார், பிறகு இசைந்தார்.

முதலில் ஒரு சிறு திருத்தம். சித்தூர்ச் சீமையில் வாழும் தமிழர் எல்லாரையும் குடியேறியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் சித்தூர், வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அன்று புதிய மாவட்டம் பிறந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960இல் திருத்தணி தெற்கே போயிற்று; சித்தூர் வடக்கே நின்றது. ஆகவே, இங்கே பல குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் அவர்களைக் கடந்து நடந்து சென்றது. என்னைப் போன்றவர்கள் உண்மையிலேயே வந்தேறிகள். எனினும் தெருவில் இரு சாராரும் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வாழ்கிறோம்.

இரு மொழிகளுக்கு நடுவே வாழ்வதில் ஒரு வேடிக்கை உண்டு. பழகிய சொற்கள் புதுமுகம் காட்டும். தெலுங்கில் குப்பைக்குச் 'செத்த' என்று பெயர். வந்த புதிதில் அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாரோ இறந்துவிட்டார்கள் போலும் என்று திடுக்கிடுவேன். பிறகுதான், நம் வீட்டு முற்றத்தில் பாட்டிமார் கூட்டித் தள்ளும் 'செத்தை' அன்றோ இது என்று தெளிந்தேன். 'குப்ப' என்ற சொல்லும் தெலுங்கில் உண்டு. ஆனால் அதற்குக் குவியல் என்பதே பொருள். அறுவடைக் காலத்தில் களத்தில் கிடக்கும் நெற்குவியலையும் குப்ப என்பார்கள். நம் பழந்தமிழிலும் அப்படித்தான். சங்கப் பாட்டுகளில் உமணர் குவித்த உப்புக்கு குப்பை என்றே பெயர். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்னும் ஊர் இன்றும் இருக்கிறது; அவ்வூரார் யாரும் அப்பெயருக்கு நாணுவதில்லை. குவியல் என்று பொருள்பட்ட சொல் கழிவு என்று பொருள்படலாயிற்று. எந்தக் குவியலாலும் நமக்குப் பயனில்லை என்ற நிலை வந்தபோது சொல்லும் இழிந்துவிட்டது போலும்.

இனி, இந்தப் பேச்சுக்குக் காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். அது 2018ஆம் ஆண்டு, ஆடி மாதம் முடியும் தறுவாயில் நடந்தது.

எங்கள் வீட்டிற்குப் பால் ஊற்றும் அம்மையார் மூன்று பசுக்கள் வைத்திருந்தார். சித்தூர்ப் பக்கத்தில் நிலம் மழையை நம்பியது, மழை நம்பத்தகாதது. கடலைக்காய் பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றுவது பால்தான். அம்மூன்றில் ஒரு பசு, நல்ல கறவை, தீனி எடுப்பதை நிறுத்தியது. வயிறு உப்பிற்று. அசை போடவில்லை. கைவைத்தியம் பார்த்தார்கள், கேட்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றார். திறந்தார்கள். நாலு பேர் நின்று பார்த்தோம். நானும் அங்கே நின்றேன்.

மாட்டின் முதல் இரைப்பைக்குள் ஒரு பெரிய உருண்டை இருந்தது. பிளாஸ்டிக் பைகள், கயிறு, பால் உறை, ஒரு குழந்தையின் செருப்பு வார், எல்லாம் முறுக்கிக்கொண்டு கயிற்றுப் பந்து போல் ஆகியிருந்தன. மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டார். அவற்றில் ஒரு பை மட்டும் விரிந்து கிடந்தது. அதன்மேல் எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துகள். வேலூர்த் துணிக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடிப் பை.

எங்கள் தெருவில் அப்போது தமிழ் வீடுகள் இரண்டே. மற்ற வீட்டார் அவ்வாண்டு வேலூருக்குப் போகவில்லை. நாங்கள் போயிருந்தோம். மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் அத்தகைய பைகளில் இட்டு, நாற்றம் வெளிவராதபடி இறுக முடிச்சுப் போட்டு, ஏரிக்கரைக் குப்பைமேட்டில் எறிவது என் வழக்கம். முடிச்சுப் போட்டதைத் தூய்மை என்று நம்பியிருந்தேன். பசுவுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியாது. உள்ளே சோறு இருக்கிறது என்பதை முகர்ந்தறிய மட்டும் தெரியும். பையோடு விழுங்கும்.

அந்த அம்மையார் எழுத்தறியாதவர். எனினும் தெலுங்கு எழுத்தன்று என்பது அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸுல போறவங்க போட்டுட்டுப் போயிருப்பாங்க, சாரு" என்று தம் தமிழில் சொன்னார். எனக்கு வெளியேற ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்பது புரிந்தது. அந்தக் கதவு வழியாக அன்று நான் வெளியேறியும்விட்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள் பசு இறந்தது.

பசுவின் விலையில் ஒரு பகுதியை அவர் மறுத்தும் கொடுத்தோம். அது பெரிய காரியமன்று. எனக்குள் எழுந்த கேள்வி வேறு. வரவு செலவு எழுதிப் பிழைப்பவன் நான். தொழிற்சாலையில் ஒரு கூடைக் கிளிமூக்கு மாங்காய் உள்ளே வந்தால் எவ்வளவு கூழ், எவ்வளவு தோல், எவ்வளவு கொட்டை என்று எழுதாமல் விடமாட்டேன். என் வீட்டிற்குள் நாள்தோறும் என்னென்ன வருகிறது என்றும் எனக்குத் தெரியும். மளிகைக் கடைச் சீட்டு இருக்கிறதே! ஆனால் என்ன வெளியே போகிறது என்பதற்கு ஒரு வரிக் கணக்கும் இல்லை. ஏட்டின் ஒரு பக்கம் மட்டுமே எழுதியிருந்தேன்.

ஆகவே ஒரு வாரம் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிப் பார்த்தேன். என் மனைவி, இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அண்டை வீட்டு அக்காவிடம் சொன்னதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். பாதிக்கு மேல் அடுக்களைக் கழிவு. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ, பழத்தோல், மிஞ்சிய சோறு. எஞ்சியதில் பெரும்பகுதி காகிதம், அட்டை, பால் உறை, புட்டி. காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கக் கூடியவை. உண்மையிலேயே எதற்கும் உதவாதது ஒரு சிறு கைப்பிடி. இந்திய நகரங்களை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. நம் வீட்டுக் கழிவில் பாதியளவு மக்கக் கூடியது. எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக் கலப்பதால்தான், சோறு எருவாகும் தகுதியை இழக்கிறது. காகிதம் விலையை இழக்கிறது.

நம் முன்னோர் வீட்டில் குப்பைத் தொட்டி என்று ஒன்று இருந்ததாக யாருக்காவது நினைவிருக்கிறதா? எருக்குழி இருந்தது. கொல்லைப்புறத்தில் மாட்டுத் தொழுவத்தை அடுத்து ஒரு பள்ளம். சாணம், வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாழையிலை, செத்தை எல்லாம் அதில் சேரும். சித்திரையில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று வள்ளுவர் உழவைப் பற்றிக் கூறியபோது, இந்தக் குழியைத்தான் நினைத்திருப்பார். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அக்காலத்து மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அப்படி வாழவில்லை. அவர்கள் வீட்டில் மக்காத பொருள் ஏதும் இல்லை, அவ்வளவே. ஓர் இரும்புச் சட்டி ஓட்டையானால் ஈயம் பூசுபவர் வருவார். முற்றிலும் உடைந்தால் பேரீச்சம் பழக்காரர் வருவார். பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம் பழம் தந்து, தெருத் தெருவாகக் கூவிச் சென்ற அந்த மனிதரை என் வயதினர் மறக்க மாட்டார்கள். வீட்டுச் சிறுவர்கள் இன்னும் உடையாத பாத்திரத்தையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து அடி வாங்கியதுண்டு.

எருக்குழியைச் சாத்திரமாக்கியவர் ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நிலையம் நடத்தி, இந்திய உழவரிடமும் சீன உழவர் பழக்கத்திலிருந்தும் கற்றவற்றை ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்று உலகம் அதை அறியும். உழவர்க்குக் கற்பிக்க வந்து உழவரிடம் கற்றார் என்பதே அவருடைய பெருமை. சில ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் ஆச்சார்யா என்னும் அறிஞர், நகரக் கழிவுக்கு ஏற்ற வேறொரு முறையை வகுத்தார். இம்முயற்சிகளின் பொருளாதாரத்தை ஆழ்ந்து எண்ணியவர் ஒரு தமிழர். நம்மைப் போலவே வெளி மாநிலத்தில் வாழ்ந்தவர். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராக இருந்த ஜே. சி. குமரப்பாவைத்தான் சொல்கிறேன். 1934இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலாளராகி வார்தாவுக்குச் சென்றார். இயற்கையிடமிருந்து எடுத்துக்கொண்டதை அதனிடமே திருப்பித் தராத பொருளாதாரம் நிலைக்காது என்பது 1945இல் வெளிவந்த அவருடைய நூலின் சாரம். ஒரு தணிக்கையாளருக்குத்தான் இது தோன்றும் என்று நான் கர்வத்தோடு எண்ணிக்கொள்வதுண்டு. இரண்டு பக்கமும் எழுதாத ஏட்டை அவர் ஏற்க மறுத்தார்.

நாங்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே ஒரு நடைமுறைச் சான்றும் உண்டு. காட்பாடியை அடுத்த காங்கேயநல்லூர் என்றதும் நேயர்களுக்குக் கிருபானந்த வாரியார் சுவாமிகள் நினைவுக்கு வருவார். அவர் பிறந்த அவ்வூரிலேதான், வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன் என்பவர், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குப்பையை ஒரு செல்வமாக நடத்திக் காட்டினார். அவர் கொள்கை எளிது. குப்பை அழுகும் முன் வீட்டு வாயிலிலிருந்து வாங்கிவிட வேண்டும். காலையில் உரித்த காய்த்தோல் சில மணி நேரத்துக்குள் மாட்டிடம் சேர்ந்தால் அது தீவனம்; இரண்டு நாள் பையில் கிடந்தால் அது நாற்றம். மாட்டுக்கு ஆகாதது கோழிக்கும் வாத்துக்கும். அவையும் தொடாதது எருவுக்கு. உலர்ந்த பொருள்களை இனம் இனமாகப் பிரித்து விற்கலாம். இதைச் செய்யப் பெரிய எந்திரம் வேண்டியதில்லை. மிதிவண்டியும், பொறுமையுள்ள பெண்களும், ஒரு கொட்டகையும் போதும்.

அந்த முறை வடக்கே சத்தீஸ்கர் மாநிலத்தில் அம்பிகாபூர் என்னும் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. 2015ஆம் ஆண்டு அளவில் அங்கே மகளிர் குழுக்களைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வீடு வீடாகச் சென்று, பிரித்த குப்பையை வாங்கத் தொடங்கினார்கள். நகரின் பழைய குப்பைமேடு பூங்காவாயிற்று. வேலூரில் முளைத்த ஒன்று அத்தனை தொலைவு சென்று காய்த்தது வியப்புக்குரியது. வேலூரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அது வந்து சேராதிருந்ததை எண்ணினால் வியப்பு வேறு வகையானது.

ஆந்திரத்திலும் முயற்சி இல்லாமலில்லை. கிராமப் பஞ்சாயத்துகளில் 'குப்பையிலிருந்து செல்வம்' என்று பொருள்படும் தெலுங்குப் பெயரோடு கொட்டகைகள் கட்டினார்கள். சில ஊர்களில் அவற்றில் மண்புழு உரம் விளைகிறது. சில ஊர்களில் பூட்டுத் தொங்குகிறது. 2021ஆம் ஆண்டு காந்தி பிறந்த நாளன்று மாநிலம் முழுவதும் ஒரு தூய்மை இயக்கம் தொடங்கிற்று. அதையொட்டி நகரங்களில் வீடுதோறும் வாங்கிய கட்டணத்துக்கு மக்கள் 'குப்பை வரி' என்று பெயர் சூட்டினார்கள். பெரும் பூசலுக்குப் பின் 2024இல் அது கைவிடப்பட்டது. கட்டணம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கட்டணத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகக் கட்டளையிட்டிருந்தன. விதி ஏட்டில் இருந்தது. தொட்டி ஒன்றாகவே இருந்தது.

திருமலையைப் பற்றி ஒரு சொல். அங்கே நாள்தோறும் சுவாமிக்குச் சார்த்திய மலர்கள் மலைபோல் குவியும். அவை எவர் காலிலும் படலாகாது என்பது மரபு. 2021 செப்டம்பரில் தேவஸ்தானத்தார், தங்கள் கோயில்களில் பயன்படுத்திய மலர்களைக் கொண்டு ஊதுவத்தி செய்து விற்கத் தொடங்கினார்கள். ஏழு மலைகளை நினைவூட்டி ஏழு வகைகள். 2022 ஜூன் முதல் மலைமேல் பிளாஸ்டிக் முற்றிலும் விலக்கப்பட்டது. லட்டு வாங்குவோர் துணிப்பையோ சணல்பையோ மக்கும் பையோ கொண்டு போகிறார்கள். முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் லட்டு வாங்காமல் எவரும் திரும்பியதாகத் தெரியவில்லை. மலைமேல் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளும் நாம், இறங்கி வரும் வழியில் சந்திரகிரியைத் தாண்டியதும் பேருந்துச் சன்னலைத் திறக்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

நகரங்களில் வாழும் நேயர்களுக்குக் குப்பை என்பது காலையில் வாசலில் வைத்தால் மறைந்துவிடும் ஒன்று. அது எங்கும் மறைவதில்லை. தில்லி அன்பர்கள் காசிப்பூர்க் குப்பை மலையை அறிவார்கள். 2017 செப்டம்பர் முதல் நாள் அதன் ஒரு பக்கம் சரிந்து இருவர் உயிரிழந்தனர். கொச்சியில் வாழ்வோர் 2023 மார்ச் மாதத்தை மறக்க மாட்டார்கள். பிரம்மபுரம் குப்பைமேட்டில் இரண்டாம் தேதி பற்றிய தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்தது. இத்தகைய மேடுகள் ஏன் தாமாகவே எரிகின்றன? காற்றுப் புகாத ஆழத்தில் சோறும் காயும் அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு பிறக்கிறது. தீக்கு உணவாவது அதுவே. எரியாமல் வானில் கலந்தாலும் கேடுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது பூமியில் பிடித்துவைக்கிறது. அதே காய்த்தோல் காற்றோட்டமான பானையில் மக்கினால் மீத்தேன் பெரும்பாலும் உண்டாவதில்லை.

அந்தப் பானையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொல்லை இல்லாத அன்பர்கள், அடுக்குமாடியில் ஒரு சாண் இடத்தில் வாழ்பவர்கள், எருக்குழிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று மண்பானைகள் போதும். பக்கங்களில் துளைகள் வேண்டும். மேலிரண்டு பானைகளின் அடியில் துளையோ வலையோ வேண்டும். மேற்பானையில் நாள்தோறும் அடுக்களைக் கழிவைப் போட்டு, அதே அளவுக்கு உலர்ந்த பொருளால் மூடுங்கள். காய்ந்த இலை, மரத்தூள், தென்னை நார்த்தூள், எங்கள் பக்கத்தில் கிடைக்கும் கடலைத் தோல், கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் சரி. கரிமம் முப்பது பங்கும் தழைச்சத்து ஒரு பங்கும் இருந்தால் நுண்ணுயிர்கள் மகிழ்ந்து வேலை செய்யும் என்று அறிவியலார் கூறுகிறார்கள். காய்த்தோலில் தழைச்சத்து மிகுதி. சருகில் கரிமம் மிகுதி. நாம் தராசு கொண்டு அளக்க வேண்டியதில்லை. மூக்கே போதிய தராசு. நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; சருகு சேர்த்துக் கிளறுங்கள். நெடுநாள் அப்படியே கிடந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள்; சிறிது நீர் தெளியுங்கள். கையால் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாமல் கை மட்டும் நனைய வேண்டும். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோரோ சாணக் கரைசலோ சேர்த்தால் வேலை விரைவாகும். இறைச்சி, எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றைத் தவிர்ப்பது நலம். இல்லையேல் எலிகளோடு நட்புப் பாராட்ட வேண்டிவரும்.

மேற்பானை நிறைந்ததும் அதை நடுவில் வைத்து, நடுப்பானையை மேலே கொண்டுவாருங்கள். அதுவும் நிறைந்தபின், முதலில் நிறைந்தது அடியில் இறங்கும். இரண்டு மூன்று மாதத்தில், முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனையோடு கருநிற எரு கிடைக்கும். முதன்முறை நான் தோற்றேன். சருகு போடச் சோம்பி, பானை முழுதும் புழு நெளிந்தது. மனைவி பானையைத் தெருவில் உடைக்கப் போனாள். அவை தீமை செய்யாத புழுக்கள் என்று நான் விளக்கியது அவ்வேளையில் எடுபடவில்லை. இரண்டாம் முறை சருகு மூட்டையைப் பானைக்கு அருகிலேயே வைத்தேன். அந்த ஒரு மாற்றத்தால் காரியம் கைகூடிற்று.

உலர்ந்த குப்பைக்கு இவ்வளவு கலை தேவையில்லை. கழுவுதல், உலர்த்துதல், சேர்த்துவைத்தல் இம்மூன்றே. பால் உறையை வெட்டும்போது மூலையை முழுதும் துண்டித்துவிடாதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டுங்கள். துண்டிக்கப்பட்ட அச்சிறு முக்கோணத்தை எந்தக் காயலான் கடைக்காரரும் பொறுக்க முடியாது. அது சாக்கடை வழியே ஏரிக்குத்தான் போய்ச் சேரும். காயலான் கடை என்ற பெயர் காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்பார்கள். தாராவியில் வாழும் பம்பாய்த் தமிழர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்நகரம் வேண்டாம் என்று எறியும் பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் பிரித்தும் உருக்கியும் மறுபடி பொருளாக்கும் எத்தனையோ சிறு பட்டறைகள் அவர்கள் தெருக்களில் இருக்கின்றன. அவ்வேலை செய்வோரின் கைகளைக் காப்பதற்கேனும், உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் தனியே காகிதத்தில் பொதிந்து கொடுப்போம். மின்கலம், குழல்விளக்கு, காலாவதியான மருந்து ஆகியவற்றை மற்றவற்றோடு சேர்க்கலாகாது. குழல்விளக்கில் பாதரசம் உண்டு. எதையும் எரித்துவிடலாம் என்று நினைக்கவும் வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக்கின் புகையில் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. மார்கழிக் காலையில் தெருமுனைக் குப்பையைக் கொளுத்திக் குளிர்காய்பவர்களுக்கு இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் எனக்கும் ஓர் இடம் விட்டு நகர்ந்து அமர்ந்தார்கள்; வேறு பயன் கிட்டவில்லை.

பிரிப்பதைக் காட்டிலும் சிறந்தது வாங்காமலே இருப்பது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு மஞ்சப்பையை மீண்டும் கைக்கொள்ளச் சொன்னபோது, வெளி மாநிலத் தமிழர் சிலர் நகைத்தார்கள். ஒரு காலத்தில் ரயிலிலிருந்து இறங்கும் தமிழனை அப்பையைக் கொண்டே கண்டுபிடித்து ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்த வடு ஆறவில்லை போலும். என் பெட்டியில் அடியில் கிடந்த என் தங்கை திருமணத்து மஞ்சப்பையை நான் வெளியே எடுத்தேன். கறிகாய்க் கடைக்காரர் அதிலுள்ள எழுத்து என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். துணியில் எழுதப்பட்ட அந்த எழுத்தைக் காட்ட எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பசு இறந்தபின் அந்த அம்மையார் எங்களுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிடுவார் என்றே எண்ணினோம். நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று, அந்தப் பை எங்கள் வீட்டினது என்று நான் சொன்னபோது, "தெரியும், சாரு" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் என் மனைவி ஒரு வாளியில் காய்த்தோலும் பழத்தோலும் கழுவிப் போட்டு, வெறும் வாளியாகவே அவர் முன் வைத்தாள். அவர் கையை விட்டுத் துழாவினார். அடிவரை துழாவிப் பார்த்தார். பை ஏதும் இல்லை என்று தெரிந்தபின்தான் எடுத்துச் சென்றார்.

அன்றிலிருந்து நாள்தோறும் வாளி போகிறது. வாரம் ஒருமுறை அதே வாளியில் எங்கள் பானைக்குச் சாணம் வருகிறது. எங்கள் தெருவில் இப்போது ஒன்பது வாளிகள் அவ்வாறு போகின்றன. நான் யாரிடமும் பிரசாரம் செய்யவில்லை; அவரே கேட்டு வாங்குகிறார். சென்ற ஆனி மாதம், ஒரு வாளி நிறையக் கிளிமூக்கு மாம்பழத் தோலைக் கொடுத்து, "இன்றைக்குக் குப்பை அதிகம், அம்மா" என்றேன். அவர் வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "இதி செத்த காது சாரு, மேத" என்றார். குப்பையன்று, தீவனம் என்று பொருள். சொல்லிவிட்டு, வழக்கம் போலவே கையை விட்டு அடிவரை துழாவிப் பார்த்துக்கொண்டு போனார்.